டீ இனிக்கவில்லையா? சர்க்கரை டப்பாவைத் திறக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

கோத்தகிரியில் டீத்தூள் விற்கிற கடை வைத்திருப்பதால் டீ சம்பந்தமான புகார் எதுவாக இருந்தாலும் சுற்றிச் சுற்றி என்னிடம்தான் வந்து சேரும். "அண்ணா, எவ்வளவு சர்க்கரை போட்டாலும் இனிக்கவே மாட்டேங்குது." "போன தடவை வாங்கினது நல்லா இருந்துச்சு, இந்தத் தடவை பால் திரியுது." "இங்க குடிச்சா ஒரு ருசி, ஊருக்குக் கொண்டுபோய்ப் போட்டா வேற ருசி." வருகிறவர்கள் மாறுகிறார்கள், புகார் மாறுவதில்லை. அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இனிப்பு டீ கெட்டுப்போவது பெரும்பாலும் சர்க்கரையால் இல்லை. கசப்பு ஏறியிருக்கும், அல்லது சாயம் இறங்கியிருக்காது, அல்லது தண்ணீரில் ஏதாவது இருக்கும். நாம் அதைப் பார்க்காமல் இன்னொரு ஸ்பூன் சர்க்கரையைக் கொட்டுகிறோம், நாளடைவில் அதுவே வீட்டு அளவாகிவிடுகிறது. டீ சரியாக அமைந்துவிட்டால் ஒரு கப்புக்கு ஒன்றரை டீஸ்பூன் தாராளம், நிறையப் பேருக்கு ஒன்றே போதும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டும். 150 மில்லி கப் இரண்டுக்கு: தண்ணீர் 200 மில்லி, காய்ச்சிய பால் 130 மில்லி, டஸ்ட் (மாவு மாதிரி நைசான) தூள் தலைதட்டி 2 டீஸ்பூன் (5 கிராம் பக்கம் வரும்), சர்க்கரை 3 டீஸ்பூன். தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு தூள், தீயைக் குறைத்து 2 நிமிடம், அப்புறம் சூடான பால், ஒரு பொங்கல், வடிகட்டல், கடைசியாகச் சர்க்கரை போட்டு இரண்டு ஆற்று ஆற்ற வேண்டும். சர்க்கரையை ஆரம்பத்திலேயே போடுகிற வீடுகள் உண்டு, அதில் தப்பில்லை. ஆனால் கோளாறைத் தேடும் நாட்களில் மட்டும் கடைசியில் போடுங்கள், சர்க்கரை இல்லாமல் ஒரு வாய் குடித்துப் பார்த்தால்தான் குறை எங்கே என்று பிடிபடும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தூளையும் பாலையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எதனால் சரியானது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

## சர்க்கரை போட்டும் இனிக்கவில்லை

முதலில், டீக்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள்? இது நிஜமான கேள்வி. ஊட்டிக்கு வந்தவர்கள் ஹோம்மேட் சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டே டீ குடித்துவிட்டு "சர்க்கரையே போடலையா" என்பார்கள். இனிப்புக்கு மேல் குடித்தால் எந்த டீயும் சப்பென்றுதான் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் வாயைக் கொப்பளித்து, ஐந்து நிமிடம் விட்டுத் திரும்பவும் ஒரு வாய் குடியுங்கள். எங்கள் ஊர் வர்க்கி பிஸ்கட்டைக் கடித்துக் குடித்தால் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

அது இல்லை என்றால் சர்க்கரை போடும் முன் எடுத்த அந்த ஒரு வாய்க்கு வருவோம். அதில் கசப்போ துவர்ப்போ இருந்ததா?

கசப்பு, துவர்ப்பு இருந்தது என்றால் செலவில்லாத காரணங்களிலிருந்து தொடங்குங்கள். தூள் போட்ட பிறகு எவ்வளவு நேரம் கொதித்தது? இலையாகத் தெரிகிற தூளுக்கும் டஸ்ட்டுக்கும் ஒரே நேரம் கொடுப்பவர்கள்தான் இந்தப் புகாரோடு அதிகம் வருகிறார்கள். பாக்கெட்டில் பி.ஓ.பி. என்றோ பி.எஃப். என்றோ இருந்தால் கொஞ்சம் பெரிய துகள், சாயம் மெதுவாக இறங்கும். எஸ்.ஆர்.டி., ஆர்.டி., டஸ்ட் என்று இருந்தால் மாவுக்குப் பக்கத்தில் இருக்கும், ஒரு நிமிடத்திலேயே முக்கால்வாசி சாயம் இறங்கிவிடும். அதற்கு மேல் வெகுநேரம் கொதிக்கவிட்டால் வருவது நிறம் இல்லை, கடுப்பு. கடை மாற்றியதும் "தூள் கசக்குது" என்பவர்களில் நிறையப் பேருக்குத் தூளின் ரகம்தான் மாறியிருக்கும், கொதிக்கவிடும் நேரம் பழையபடியே இருக்கும். நேரத்தைப் பாதியாக்கிப் பாருங்கள்.

நேரம் சரி என்றால் ஸ்பூனைப் பாருங்கள். கோபுரமாக அள்ளுகிற ஒரு ஸ்பூன் தலைதட்டிய ஸ்பூனைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பிடிக்கும். தூள் டப்பாவுக்குள் எந்த ஸ்பூன் கிடக்கிறதோ அதுதான் அந்த வீட்டின் அளவு, அந்த ஸ்பூன் மாறிப்போனால் டீயும் மாறிவிடும்.

அடுத்தது வடிகட்டல். கடைசிச் சொட்டு வரைக்கும் வேண்டும் என்று வடிகட்டியில் தங்கின சண்டியை, அதாவது டீச் சக்கையை, கரண்டியால் அழுத்திப் பிழிகிற பழக்கம் இருந்தால் விடுங்கள், அந்தக் கடைசிச் சொட்டில்தான் துவர்ப்பு அத்தனையும் இருக்கிறது. இதோடு சேர்ந்தது வடிகட்டாமல் அடுப்போரம் வைத்துவிட்டு, ஆள் வர வரச் சூடாக்கிக் கொடுப்பது. பழைய சண்டியிலேயே தண்ணீர் ஊற்றி இன்னொரு கொதி விடுவதும் அப்படித்தான். அதில் நிறம் வரும், மணம் வராது.

பிளாஸ்க் டீ தனிக் கதை. பால் கலந்த டீயைப் பிளாஸ்கில் ஊற்றி மதியம் வரை வைத்தால் ருசி மங்கிக் கடுப்பு முன்னால் வரும். எஸ்டேட்டுக்கும் ஆபீசுக்கும் கொண்டுபோகிறவர்களுக்கு நான் சொல்வது, வடிகட்டின டிகாஷனை ஒரு பிளாஸ்கிலும் பாலை இன்னொன்றிலும் கொண்டுபோய்க் குடிக்கும்போது கலக்குங்கள். பிளாஸ்க் மூடியின் ரப்பர் வளையத்தையும் ஒரு தடவை கழற்றி முகர்ந்து பாருங்கள், பழைய பால் வாடை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

விருந்தாளி வந்து உட்கார்ந்துவிட்டார், டீ கசந்துவிட்டது, திரும்பப் போட நேரமில்லை என்றால் இரண்டு கப்புக்கு ஒரு சிட்டிகையில் பாதி உப்பு போட்டுக் கலக்குங்கள். உப்புக் கரிக்காது, ஆனால் கசப்பை அடக்கும். சர்க்கரையைக் கூட்டுவதைவிட இது நல்ல வழி. தினமும் செய்கிற வேலை இல்லை, அவசரத்துக்குத்தான்.

கசப்பே இல்லை, ஆனாலும் இனிக்கவில்லை என்றால் கப்பின் அடியைப் பாருங்கள். மலையில் காலை நேரத்தில் பீங்கான் கப் ஐஸ் மாதிரி கிடக்கும், அதில் டீயை ஊற்றிச் சர்க்கரையைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் பாதி கரையாமல் அடியில் தங்கிவிடும். பாத்திரத்திலேயே போட்டு ஆற்றிவிடுங்கள், அல்லது கப்பில் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டு டீ ஊற்றுங்கள். இரண்டாவது, வெள்ளைச் சர்க்கரையிலிருந்து நாட்டுச் சர்க்கரைக்கோ வெல்லத்துக்கோ மாறினீர்களா? ஸ்பூனுக்கு ஸ்பூன் அது வெள்ளைச் சர்க்கரை அளவுக்கு இனிக்காது, அதில் ஈரமும் மற்ற சத்தும் சேர்ந்திருக்கிறது. மூன்றாவது, டீ ஆறிவிட்டதா? ஆற ஆற இனிப்பு நாக்குக்குக் குறைவாகவே தெரியும்.

இத்தனையும் பார்த்த பிறகும் கசப்பு நிற்கிறது என்றால் தண்ணீரைச் சந்தேகப்படலாம். கீழே கறுத்துப்போகிற டீ என்ற இடத்துக்குப் போங்கள்.

## இனிக்கிறது, ஆனால் டீ எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது

கீழேயிருந்து வேலை மாறுதலாகி உதகைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் முதல் மாதத்தில் வருகிற கோளாறு இது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் 94 பக்கம். தளதளவென்று கொதிப்பது கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தாலும் சூடு குறைவு, அதற்கு மேல் தீயை எவ்வளவு கூட்டினாலும் ஏறாது, தண்ணீர்தான் வற்றும். அதனால் தீயைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டுங்கள். மேட்டுப்பாளையத்தில் 2 நிமிடம் போதும் என்றால் உதகையில் 3, தூள் கொஞ்சம் பெரிய துகள் என்றால் 4. பாத்திரத்தைத் தட்டுப் போட்டு மூடி வையுங்கள், பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

அடுத்த காரணம் வரிசை. தண்ணீர், பால், தூள், சர்க்கரை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடுப்பில் ஏற்றுகிறீர்களா? பாலுக்குள் சாயம் சரியாக இறங்காது. பாலில் உள்ள புரதம் டீயின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், அது கடைசியில் நடந்தால் நல்லது, முதலிலேயே நடந்தால் டீ வெளிறிப்போகும். தண்ணீரில் தூள், அப்புறம்தான் பால். அந்தப் பாலும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பாலாக இருக்கக்கூடாது, ஊற்றியதும் எல்லாம் ஆறிப்போய்த் திரும்பக் கொதி வருவதற்குள் மணம் போய்விடும்.

பாலை மாற்றினீர்களா என்றும் பாருங்கள். ஆவினில் நீலப் பாக்கெட் 3 சதவீதக் கொழுப்பு, ஆரஞ்சு 6 சதவீதம். நீலத்துக்குப் போட்ட தூள் ஆரஞ்சுக்குப் பத்தாது, ஒன்று பாலைக் குறைக்க வேண்டும், இல்லை தூளைக் கால் ஸ்பூன் கூட்ட வேண்டும்.

இனிக் காசு செலவாகும் காரணங்கள். தூள் பழசாகியிருக்கலாம். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து வாயால் இரண்டு தடவை ஆவி ஊதி உடனே முகருங்கள். மணம் எழும்பினால் தூளில் உயிர் இருக்கிறது. காகித வாடை மட்டும் வந்தால் முடிந்தது, அதில் இரண்டு ஸ்பூன் சேர்த்துப் போட்டாலும் நிறம்தான் வரும். ஃபேக்டரியில் டிரையரிலிருந்து இறங்கும்போது தூளில் 3 சதவீதம் அளவுக்குத்தான் ஈரம் இருக்கும். நம் ஊர் மழைக்காலத்தில் பாக்கெட்டைக் கத்தரித்துக் கிளிப் மட்டும் போட்டு வைத்தால் சில வாரத்திலேயே ஈரம் இழுத்துக்கொள்ளும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையிலும், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஆனி, ஆடி மழையிலும் கால் கிலோவுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். இதை ஒரு கடைக்காரனாகத்தான் சொல்கிறேன்.

தூளும் புதிது, ஆனாலும் வெளிறுகிறது என்றால் அடுப்பு. மார்கழி, தை அதிகாலையில் உதகைப் பக்கம் பூஜ்ஜியத்தை ஒட்டிக் குளிர் இறங்கும்போது சிலிண்டரில் இருக்கும் வாயு சரியாக எழும்பாது, அதுவும் சிலிண்டர் தீரும் தறுவாயில் இருந்தால் தீ சோர்ந்து எரியும். வெயில் ஏறினதும் தானாகச் சரியானால் குளிர்தான் காரணம். சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுவது, அடுப்புப் பக்கத்தில் தள்ளி வைப்பது இதெல்லாம் வேண்டவே வேண்டாம், உயிர் போகிற விஷயம். வெயில் ஏறியும் தீ சின்னதாகவோ மஞ்சளாகவோ எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னரைக் கழற்றி ஓட்டைகளைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். அதற்குப் பிறகும் மஞ்சள் என்றால் கேஸ் ஏஜென்சி மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும், நாமாக ஜெட்டைத் தொடக்கூடாது. கேஸ் வாடை வந்தால் டீயை மறந்துவிடுங்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

## பால் திரிந்துவிடுகிறது

தூள் மேல்தான் முதல் பழி விழும். ஆனால் வெறும் டீத்தூள் நல்ல பாலைத் திரிக்காது. இதைச் சோதிக்க ஒரே நிமிடம் போதும்: இரண்டு கரண்டிப் பாலை வேறு எதுவும் சேர்க்காமல், நன்றாகக் கழுவின பாத்திரத்தில் தனியாகக் கொதிக்கவிடுங்கள்.

தனியாகக் கொதித்தபோது திரியவில்லை என்றால் நீங்கள் சேர்க்கிற ஏதோ ஒன்றுதான் காரணம். இஞ்சி போடுகிறீர்களா? பச்சை இஞ்சியில் பால் புரதத்தை உடைக்கும் ஒரு பொருள் இருக்கிறது. இஞ்சியைத் தட்டித் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டால் அதன் வேலை முடிந்துவிடும், அப்புறம் பால் ஊற்றலாம். பாலில் நேரடியாக நசுக்கிப் போட்டுச் சூடேற்றினால் திரிய வாய்ப்பு அதிகம். சுக்கு போடுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு.

வெல்லமா, நாட்டுச் சர்க்கரையா? வெல்லத்தில் சிலது கொஞ்சம் புளிப்பாக இருக்கும், கொதிக்கிற பாலில் போட்டால் நொடியில் திரியும். அடுப்பை அணைத்து, பொங்கு அடங்கி, வடிகட்டின பிறகு வெல்லத்தைப் போடுங்கள், போட்ட பிறகு திரும்ப அடுப்பில் ஏற்றாதீர்கள். அப்படியும் திரிந்தால் அந்த வெல்லத்தைப் பால் டீக்குப் பயன்படுத்தாமல் பால் ஊற்றாத வரட்டீக்கு வைத்துக்கொள்ளுங்கள். டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிற, இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் பிளேன்டீ என்று பால் இல்லாமல் குடிப்பார்கள், வெல்லத்தைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டே குடிக்கிற ருசிக்கு ஈடே கிடையாது.

இஞ்சியும் இல்லை, வெல்லமும் இல்லை என்றால் பாத்திரம். முந்தின நாள் லெமன் டீ போட்டது, தயிர் வைத்தது, புளி போட்டுத் தேய்த்தது, இதில் ஏதாவது மிச்சம் ஒட்டியிருக்கும். வடிகட்டியின் ஓரத்து மடிப்பையும் பாருங்கள்.

தனியாகக் கொதிக்கும்போதே திரிந்தது என்றால் பால்தான். பாக்கெட் பால் என்றால் வாங்கின உடனே காய்ச்சினீர்களா, ராத்திரி கரண்ட் போனதா, இதைப் பார்த்த பிறகு கடையை மாற்றிப் பாருங்கள். எங்கள் ஊரில் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) மாட்டுப் பால் வாங்குகிறவர்கள் நிறைய. கறந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்த பால் காய்ச்சும்போது திரிந்தால், மாடு கன்று போட்டு எத்தனை நாள் ஆகிறது என்று பால்காரரைக் கேளுங்கள். கன்று போட்ட முதல் சில நாட்களின் சீம்பால் சூடேறினாலே கட்டிப்படும், அது பாலின் இயல்பு, யாரும் ஏமாற்றவில்லை. கன்று போட்டு மாதங்களாகியும் திரிகிறது, அல்லது பாலில் இழை இழையாகத் தெரிகிறது, உப்புக் கரிக்கிறது என்றால் மாட்டுக்கு மடி நோய் இருக்கலாம். அந்தப் பாலைக் குடிக்க வேண்டாம், மாட்டுக்காரரிடம் சொல்லிக் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். இதைச் சொல்லத் தயங்காதீர்கள், சீக்கிரம் பார்த்தால் மாடு பிழைக்கும், மடியும் கெடாது.

## இங்கே வாங்கின தூள், ஊரில் போட்டால் அந்த ருசி வரவில்லை

தூளை மாற்றிக் கொடுத்துவிட்டோம் என்று நினைப்பவர்களும் உண்டு. தூள் அதேதான், தண்ணீர் வேறு. நீலகிரியில் ஊற்றிலும் ஓடையிலும் வருகிற தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, டீ பளிச்சென்று இறங்கும். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடுகளிலிருந்து இந்தப் புகார் எனக்கு வந்ததில்லை. வருவதெல்லாம் போர் தண்ணீர் வீடுகளிலிருந்துதான். உப்புத் தண்ணீரில் நிறம் மங்கும், ருசி தட்டையாகும், மேலே மெல்லிசாக ஒரு படலம் மிதக்கும்.

செலவில்லாத வழி, தண்ணீரை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேலாக இறுத்து அதில் டீ போடுவது. சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதி அடியில் தங்கிவிடும். எல்லா உப்பும் இப்படிப் போகாது, ஆனால் வித்தியாசம் தெரியும். குளோரின் வாடை அடிக்கிற குழாய்த் தண்ணீர் என்றால் வாயகன்ற பாத்திரத்தில் ராத்திரி திறந்து வைத்தால் போதும். அடுத்தபடி கேன் தண்ணீரில் ஒரு டீ போட்டுப் பார்ப்பது, அதில் நன்றாக வந்தால் காரணம் உறுதி. அதற்குப் பிறகுதான் ஆர்.ஓ. மெஷின் பற்றி யோசிக்க வேண்டும். டீக்காக மட்டும் அதை வாங்காதீர்கள், குடிக்கிற தண்ணீருக்கே தேவையா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, கீழே தண்ணீர் 100 டிகிரி பக்கம் கொதிக்கும். இங்கே எங்கள் வீட்டில் 3 நிமிடம் விட்டதைப் பார்த்துவிட்டு சென்னையிலும் 3 நிமிடம் விட்டால் கடுக்கத்தான் செய்யும்.

பனிக்காலத்து ஆர்த்தடாக்ஸ் தூள் (இலையைச் சுருட்டிச் செய்கிற ரகம்) வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு மட்டும் தனியாக: மார்கழி, தை மாதங்களில் பறிக்கிற இலையில் செய்த அந்தத் தூளின் பெருமை மணத்தில் இருக்கிறது. அதைக் கொதிக்கவே விடாதீர்கள். கொதித்த தண்ணீரை இறக்கி, தூளைப் போட்டு, மூடி 3 அல்லது 4 நிமிடம், வடிகட்டி அரை ஸ்பூன் சர்க்கரை. பாலும் ஏலக்காயும் போட்டால் அவ்வளவு காசு கொடுத்து வாங்கினதே வீண்.

## டீ கறுத்துப்போகிறது, அல்லது நிறம் சந்தேகமாக இருக்கிறது

சாம்பல் படர்ந்த கறுப்பு, பால் ஊற்றினாலும் செம்மை வராமல் மண் நிறமாக நிற்பது, குடித்தால் இரும்பு வாடை. தண்ணீரில் இரும்பு கலந்தால் டீயின் துவர்ப்போடு சேர்ந்து மை போல ஆகிவிடும். பாத்திரத்தை முதலில் பாருங்கள், எனாமல் பெயர்ந்த கெட்டில், துருப்பிடித்த கரண்டி, கம்பி அறுந்த வடிகட்டி. எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டால் சரியாகிறது என்றால் அதோடு விஷயம் முடிந்தது.

பாத்திரம் இல்லை என்றால் இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு வடிகட்டின டிகாஷனை ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். குழாய் டம்ளர் மட்டும் கறுத்தால் தண்ணீரில் இரும்பு. காலையில் முதல் வாளி மட்டும் இப்படி என்றால் ராத்திரி முழுக்கத் தண்ணீர் நின்ற பழைய ஜி.ஐ. (இரும்பு) பைப் காரணமாக இருக்கலாம். கொஞ்சம் திறந்துவிட்டுப் பிடித்தால் சமாளிக்கலாம், பிளம்பரைக் கூப்பிட்டு அந்தப் பைப்பை மாற்றுவதுதான் தீர்வு. நாள் முழுக்க இப்படி என்றால் கிணற்றிலோ போரிலோ இருக்கிறது. ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதியுங்கள். அந்த ரிப்போர்ட் இல்லாமல் ஃபில்டர் விற்க வருகிறவர் சொல்வதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இதற்கு நேர்மாறாக, டீ கண்ணைப் பறிக்கும் சிவப்பாக வருகிறது, ஆனால் குடித்தால் ஒன்றும் இல்லை என்றால் கலப்படத்தைச் சோதியுங்கள். ஃபில்டர் காகிதம் அல்லது மை ஒற்றும் காகிதத்தில் கொஞ்சம் தூளைப் பரப்பி, காகிதம் நனையும் அளவுக்குத் தண்ணீர் தெளித்து, சற்று விட்டுத் தூளைக் கழுவிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாயம் ஏற்றிய தூள் என்றால் காகிதத்தில் உடனே கறை பிடித்திருக்கும். காந்தத்தைத் தூளுக்குள் விட்டு எடுப்பதும் நல்லது, இரும்புத்தூள் கலந்திருந்தால் ஒட்டிக்கொண்டு வரும். கறை தெரிந்தால் மிச்சத் தூளைக் கொட்டிவிடாதீர்கள். பாக்கெட்டோடும் பில்லோடும் வைத்திருந்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள். குன்னூரில் தேயிலை வாரிய அலுவலகமும் இருக்கிறது. என் கடைத் தூளையும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம், யார் கடை என்று பார்க்க வேண்டியதில்லை.

வரட்டீ ஆறினதும் கலங்குகிறது என்று பயப்படுகிறவர்களுக்கு: அது கோளாறு இல்லை, டீயில் சத்து இருப்பதால் வருவது. சூடாக்கினால் தெளிந்துவிடும். எலுமிச்சை பிழிந்ததும் நிறம் வெளுப்பதும் இயல்புதான்.

## டீயில் வேறு வாசனை

தூள் பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். ஊட்டிக்கு வருகிறவர்கள் டீத்தூளையும் தைலப் பாட்டிலையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போவார்கள், வீட்டில் திறந்தால் டீயில் நீலகிரித் தைலம் மணக்கும். அதற்கு மருந்து இல்லை. அகலத் தட்டில் பரப்பி ஒரு நாள் காற்றாட வைத்தால் கொஞ்சம் போகும், தைலம் போனபோதே டீயின் மணமும் போயிருக்கும். சோப்பு, கொசுவர்த்தி, மசாலா டப்பா, விறகடுப்புப் புகை எல்லாம் இதே கணக்குத்தான். இறுக மூடுகிற டின்னில் போட்டு அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள், ஈர ஸ்பூன் போடாதீர்கள். பூசணம் பிடித்த வாடை வந்தால் மட்டும் காயவைத்துக் காப்பாற்றலாம் என்று நினைக்க வேண்டாம், ரோஜாச் செடிக்குப் போடுங்கள்.

## எல்லாருக்கும் இனிக்கிறது, ஒருவருக்கு மட்டும் இனிக்கவில்லை

இதைக் கடைசியில் வைத்தாலும் இதில்தான் கவனம் அதிகம் வேண்டும். வீட்டில் நான்கு பேர் ஒரே பாத்திரத்து டீயைக் குடிக்கிறார்கள், ஒருவர் மட்டும் இன்னும் சர்க்கரை, இன்னும் சர்க்கரை என்கிறார். சளி, காய்ச்சல் விட்டு சில நாட்கள்தான் ஆகிறது என்றால் மூக்கு திறந்ததும் ருசி திரும்பும், காத்திருங்கள். புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தார்களா, பல்லில், ஈறில் புண் இருக்கிறதா என்று கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த டாக்டரிடமே சொல்லுங்கள். பீடி, சிகரெட், வெற்றிலை புகையிலைப் பழக்கமும் நாக்கை மரத்துப்போகச் செய்யும்.

இது எதுவும் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். அதோடு அடிக்கடி தாகம், ராத்திரியில் பல தடவை சிறுநீருக்கு எழுவது, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது என்று ஏதாவது சேர்ந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். அவர் டீயில் சர்க்கரையைக் கூட்டாமல், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துவிடுங்கள்.